விசிட் விசாவில் துபாய் போய் வேலை தேடலாமா?

கடலோரம்:
என் பெரியம்மா மகன் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்தவன். ராமநாதபுரத்தில் ஒரு ஏஜென்ட் ஒன்றரை லட்சம் கேட்கிறார். விசிட் விசாவில் ஏற்றிவிடுவாராம், போய் இறங்கியதும் கம்பெனி விசாவாக மாற்றித் தருவார்களாம். வீட்டில் நகையை அடகு வைக்கப் பேச்சு நடக்கிறது. நான் வேண்டாம் என்கிறேன். இந்த ஏஜென்ட் மட்டும் என்றில்லை, விசிட் விசாவில் வேலை தேடிப் போவதே கூடாது என்பதுதான் என் கட்சி. அந்த விசாவில் வேலை பார்ப்பது அங்கே சட்டப்படி குற்றம். மாட்டிக்கொண்டால் கேட்க நாதியில்லை. மாற்றுக் கருத்து இருப்பவர்கள் சொல்லுங்கள், கேட்கத் தயாராகத்தான் இருக்கிறேன்.

தேரா_வாசி:
எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. துபாய் தேராவில் பல வருடமாக இருக்கிறேன். என்னைச் சுற்றி வேலை பார்ப்பவர்களில் பலர் விசிட்டில் வந்து வேலை பிடித்தவர்கள்தான். நடைமுறையைச் சொல்கிறேன். இங்கே நடுத்தர, சிறிய கம்பெனிகள் ஆளை நேரில் பார்த்துத்தான் எடுப்பார்கள். விளம்பரத்திலேயே 'தற்போது அமீரகத்தில் இருப்பவர்கள் மட்டும்' என்று போட்டுவிடுவார்கள். ஊரில் உட்கார்ந்து நூறு இடத்துக்கு பயோடேட்டா அனுப்பினாலும் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். அதே ஆள் இங்கே வந்து, 'நாளைக்கே சேருகிறேன்' என்றால் கூப்பிடுவார்கள்.

வேலை தேடுவது வேறு, வேலை பார்ப்பது வேறு. விசிட்டில் இருக்கும்போது நேர்காணலுக்குப் போனால் யாரும் பிடிக்க மாட்டார்கள். வேலை கிடைத்ததும் வேலை பர்மிட் எடுத்து, கட்டணம் கட்டி, நாட்டை விட்டு வெளியே போகாமலே விசிட்டிலிருந்து வேலை விசாவுக்கு ஸ்டேட்டஸ் மாற்றிக்கொள்ளலாம். அதற்கு முன்னால் வேலையில் இறங்குவதுதான் தப்பு.

கணக்கர்:
முதலில் அந்த ஒன்றரை லட்சத்தைப் பார்ப்போம். இந்தியாவில் பதிவு பெற்ற ஏஜென்ட் ஒரு தொழிலாளியிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய். 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தால் 35,400. அதற்கு மேல் கேட்பது சட்டவிரோதம். அமீரகத்திலும் 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டம், ஆள் எடுக்கும் செலவை நேரடியாகவோ மறைமுகமாகவோ தொழிலாளி தலையில் கட்டக்கூடாது என்கிறது. விசிட் விசாவையும் டிக்கெட்டையும் எந்த டிராவல்ஸிலும் நாமே எடுத்துக்கொள்ளலாம். அப்படியிருக்க மீதிப் பணம் எதற்கு? ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் இமைக்ரேட் தளத்தில் பார்த்தீர்களா?

கடலோரம்:
பார்த்தேன் சார், பட்டியலில் பெயர் இல்லை. கேட்டதற்கு, 'நாங்கள் டிராவல்ஸ்தான், ஆள் அனுப்புவதில்லை' என்றார். வேலை வாங்கித் தருகிறேன் என்றும் அவரேதான் சொல்கிறார்.

தேரா_வாசி அண்ணே, நீங்கள் சொல்வது வேலை கிடைத்தவர்களின் கதை. கிடைக்காமல் திரும்பியவன் உங்கள் அலுவலகத்தில் எப்படி இருப்பான்? இன்னொன்று, 'ட்ரையல்' என்று ஒன்று நடக்கிறதே. ஒர்க்‌ஷாப்பில், ஹோட்டலில், 'ரெண்டு வாரம் வேலையைப் பார்க்கிறோம், பிடித்தால் விசா' என்பார்கள். சம்பளம் கிடையாது. முடிந்ததும் சரிப்படாது என்று அனுப்பிவிட்டு அடுத்த ஆளை நிறுத்துவார்கள். புகார் கொடுக்கப் போனால், 'விசிட்டில் இருந்துகொண்டு நீ ஏன் வேலை பார்த்தாய்' என்ற கேள்விதான் முதலில் வரும்.

தேரா_வாசி:
ட்ரையல் நடப்பது உண்மைதான் தம்பி. அதற்கு மட்டும் ஒத்துக்கொள்ளவே கூடாது. பர்மிட் இல்லாத ஆளை வேலைக்கு வைக்கும் முதலாளிக்கு அபராதம் இப்போது ஒரு லட்சம் திர்ஹாமிலிருந்து பத்து லட்சம் வரை. 2024-இல் சட்டத்தைத் திருத்திக் கூட்டினார்கள். அதனால் ஒழுங்கான கம்பெனி இந்த வேலையைச் செய்யாது. யார் ட்ரையல் கேட்கிறானோ, அங்கிருந்து எழுந்து வந்துவிட வேண்டும்.

செவிலி:
எல்லோருக்கும் ஒரே பதில் சொல்லாதீர்கள். நான் நர்ஸ். எங்கள் தொழிலில் விசிட்டில் போய் அலைய வேண்டிய தேவையே இல்லை. துபாய் சுகாதார ஆணையத்தின் தேர்வை இந்தியாவிலேயே எழுதலாம், சான்றிதழ் சரிபார்ப்பும் இங்கிருந்தே முடியும். அதைக் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பித்தால் ஆஸ்பத்திரிக்காரர்களே கூப்பிடுவார்கள். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-இலிருந்து இருக்கிறது, வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு ஆள் எடுக்கிறார்கள். அது இருப்பதே நம் மக்களில் பலருக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. டெக்னீஷியன் வேலைகளுக்கும் அங்கே பதிந்து வைக்கலாம். அந்தத் தம்பி பதிந்திருக்கிறாரா?

தேரா_வாசி:
பதியட்டும். ஆனால் அதை நம்பி எத்தனை வருடம் உட்காருவது? ஊரில் சும்மா இருக்கும் காலமும் நஷ்டம்தான், அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

கடலோரம்:
சேர்க்கிறேன் அண்ணே. ஆனால் அடகு வைத்த நகைக்கு வட்டி ஓடும்போது அங்கே போய் நிற்பவன் நிலையை யோசியுங்கள். விசா முடியப் பத்து நாள் இருக்கும்போது எந்த வேலைக்கும் தலையாட்டுவான். டிப்ளமோ படித்தவன் லோடிங் வேலைக்குக் கையெழுத்துப் போடுவான். நாள் தாண்டினால் தினமும் 50 திர்ஹாம் அபராதம். ஏஜென்டும் ட்ரையல் முதலாளியும் அந்த அவசரத்தைத்தான் காசாக்குகிறார்கள். 2022-இல் தாய்லாந்தில் ஐடி வேலை என்று சுற்றுலா விசாவில் போன நம் பிள்ளைகளை மியான்மரின் மியாவாடிக்குக் கடத்தி, ஆன்லைன் மோசடி வேலை செய்ய வைத்தார்களே. கம்பெனி விசா இல்லாமல் ஏறியதில்தானே அதுவும் தொடங்கியது?

தேரா_வாசி:
மியாவாடியை துபாயோடு சேர்க்காதீர்கள். அது ஆள் கடத்தல். இங்கே அரசாங்கம் இருக்கிறது, சம்பளத்தை வங்கி வழியாகக் கண்காணிக்கும் முறை 2009-இலிருந்து இருக்கிறது, நம் தூதரகம் இருக்கிறது.

ஆனால் அந்தக் கடைசிப் பத்து நாள் விஷயத்தில் உங்களோடு சண்டை போட மாட்டேன். எங்கள் பில்டிங்கில் ஒரு அறையில் ஆறு இரண்டடுக்குக் கட்டில். ஒவ்வொன்றுக்கும் ஒரு திரை, திரைக்குள் போன் சார்ஜரும் சான்றிதழ் ஃபைலும். காலையில் டைப்பிங் சென்டரில் பயோடேட்டா பிரின்ட் எடுத்துக்கொண்டு மெட்ரோ ஏறுவார்கள். சொந்தப் பணத்தில், திரும்பும் டிக்கெட்டோடு வந்தவன் வேண்டாத வேலையை வேண்டாம் என்கிறான். கடனில் வந்தவனால் அது முடிவதில்லை. அதனால்தான் சொல்கிறேன், விசாவைக் குறை சொல்லாதீர்கள், கடனைச் சொல்லுங்கள்.

கடலோரம்:
நம் ஊரில் கடன் இல்லாமல் கிளம்புபவர் எத்தனை பேர், சொல்லுங்கள்.

சரி, ஏஜென்ட் நேற்று ஆஃபர் லெட்டர் என்று ஒரு பிடிஎஃப் அனுப்பினார். ஒரே பக்கம், ஆங்கிலத்தில். சம்பளம் 2,500 திர்ஹாம், 'விசா வந்த பின் வழங்கப்படும்' என்று ஒரு வரி. அடியில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப், ஜிமெயில் முகவரி.

கணக்கர்:
அது ஆஃபர் லெட்டர் இல்லை. உண்மையான ஆஃபர் மோஹ்ரே என்கிற தொழிலாளர் அமைச்சகத்தின் படிவத்தில் வரும், அதற்கென எண் இருக்கும், அமைச்சகத்தின் தளத்தில் சரிபார்க்கலாம். அரபி, ஆங்கிலத்தோடு தொழிலாளிக்குப் புரியும் மூன்றாவது மொழியிலும் கொடுக்க வேண்டும். அந்த மொழிகளில் தமிழும் உண்டு. 'தமிழில் ஆஃபர் கொடுங்கள்' என்று கேளுங்கள், ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

கம்பெனி விசாவில் போவதன் இன்னொரு பலனையும் சொல்கிறேன். 275 ரூபாய் கட்டினால் பிரவாசி பாரதிய பீமா யோஜனா, இரண்டு வருடத்துக்கு 10 லட்சம் விபத்துக் காப்பீடு. பத்தாவது தாண்டாத, ஈசிஆர் பாஸ்போர்ட்காரர்களுக்கு, அதாவது வேலைக்கு வெளிநாடு போக அரசின் அனுமதி தேவைப்படுபவர்களுக்கு, இது கட்டாயம். விசிட்டில் இறங்கி வேலை தேடுபவனுக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை. கட்டட வேலையில் கால் தவறினால் என்ன ஆகும்?

கடலோரம்:
தமிழில் கேட்டேன் சார். 'அதெல்லாம் அங்கே போய்த்தான் தருவார்கள், சீட் போய்விடும், நாளைக்குள் பணம் கட்டு' என்றார். பெரியம்மாவிடம் அந்தக் குரல் பதிவைப் போட்டுக் காட்டினேன். நகை பீரோவில்தான் இருக்கிறது.

தேரா_வாசி:
நல்லது. அந்த ஆளுக்கு ஒரு பைசா கொடுக்க வேண்டாம். ஆனாலும் நான் சொன்னதில் மாற்றம் இல்லை. தம்பிக்குக் கையில் சொந்தக் காசு இருந்தால், டிப்ளமோவுக்கு அட்டெஸ்டேஷன், அதாவது சான்றொப்பம், முடித்துவிட்டு, திரும்பும் டிக்கெட்டோடு வரட்டும். ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் வேண்டாம், ஆள் எடுப்பது மந்தமாக இருக்கும். செப்டம்பருக்கு மேல் வந்தால் எங்கள் பில்டிங்கில் பெட் ஸ்பேஸ், அதாவது வாடகைக்கு ஒரு கட்டில், பார்த்து வைக்கிறேன்.

கடலோரம்:
நன்றி அண்ணே, அட்டெஸ்டேஷனும் பதிவும் இந்த மாதமே முடித்துவிடுவோம். பெட் ஸ்பேஸ் வேண்டாம். மோஹ்ரே எண் போட்ட ஆஃபர் வராமல் அவனை விமானம் ஏற்ற நான் சம்மதிக்கப் போவதில்லை.