புதுப்பிப்பு: பழைய ஃபால்கனை வாங்கிவிட்டேன்

மெல்பர்னில் மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடிய 2004 ஃபோர்ட் ஃபால்கன் (பி.ஏ. மாடல்) விலைக்கு வருகிறது, குடும்பத்துக்கு நம்பி வாங்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். சரி, வாங்கியாச்சு.

எஞ்சினைப் பற்றி யாருமே பயப்படவில்லை, நானும் பயப்படவில்லை. ஜீலாங்கில் தயாரான 4 லிட்டர், ஆறு சிலிண்டர் பார்ரா அது. இங்கே டாக்சிக்காரர்கள் எல்பிஜியில் பல லட்சம் கிலோமீட்டர் ஓட்டித் தேய்த்த எஞ்சின்.

பலர் எச்சரித்தது ஆட்டோ கியர்பாக்ஸைத்தான். அதன் எண்ணெயைக் குளிர்விக்கும் பகுதி ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கிறது. அது உள்ளே விரிசல் விட்டால் ரேடியேட்டரில் ஓடும் கூலன்ட் நீர் எண்ணெயில் கலந்து கியர்பாக்ஸையே தின்றுவிடும். மெக்கானிக் கொஞ்சம் எண்ணெயை வடித்துக் காட்டினார். தெளிந்த சிவப்பு. கலந்திருந்தால் ரோஸ்மில்க் மாதிரி இருக்குமாம்.

"ஃபால்கன் என்றாலே பலவீனம்" என்று எழுதியவருக்கு: அந்தக் கெட்ட பெயர் 1960-இல் வந்த முதல் மாடலுடையது. அமெரிக்க வடிவமைப்பு, இங்குள்ள கரடுமுரடான சாலையில் முன்பக்க பால் ஜாயின்ட்கள் (சக்கரத்தைத் தாங்கும் உருண்டை மூட்டுகள்) தாங்கவில்லை. அதைத் துடைக்கத்தான் 1965-இல் ஃபோர்டின் யூ யாங்ஸ் சோதனைத் தடத்தில் அப்போதைய ஃபால்கனான எக்ஸ்.பி. மாடல் கார்களை இரவு பகலாக 70,000 மைல் விரட்டினார்கள். கவிழ்ந்த கார்களையும் நிமிர்த்தி ஓட்டினார்கள்! அப்புறம் 2016 அக்டோபரில் ஃபோர்டின் பிராட்மெடோஸ் ஆலை மூடும்வரை ஃபால்கன் நாட்டின் குடும்பக் கார்தான்.

ரேடியேட்டரை மட்டும் இந்த வாரமே மாற்றச் சொல்லிவிட்டேன், பழையது நன்றாக இருந்தாலும்.