சந்தை வாகனத் தரிப்புக் கட்டணம்: விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பு, படுவான்கரைப் பக்கம். அப்பா சந்தைக்கு மரக்கறி ஏற்றும் ஓர் ஆட்டோக்காரர். இரண்டு மாதமாக சந்தை வாசலில் ஒரு தம்பி கயிறு கட்டி நின்று 50 ரூபாய் வாங்குகிறார். கொடுக்கும் துண்டில் ஊதா நிற முத்திரை ஒன்று மட்டும்தான், அதுவும் பாதி அழிந்தது. இலக்கமும் இல்லை, திகதியும் இல்லை. ஒரு நாளில் மூன்று தடவை போனால் மூன்று துண்டு.

எங்கள் வட்டார உறுப்பினரிடம் கேட்டால், போன பிரதேச சபையின் தீர்மானம் என்கிறார். மற்றக் கட்சிக்காரர், 2025 மே தேர்தலுக்குப் பிறகு வந்ததுதான் என்று சத்தியம் பண்ணுகிறார். இருவரும் ஒரே தேநீர்க்கடையில்தான் இருக்கிறார்கள், அது வேறு கதை.

எனக்குத் தெரிந்தவரை, 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க பிரதேச சபைகள் சட்டப்படி உப விதி (சபை தன் பகுதிக்குப் போடும் சட்டம்) வர்த்தமானியில் வரவேண்டும். இந்தக் கட்டணத்துக்கும் அது வேண்டுமா, வெறும் சபைத் தீர்மானம் போதுமா? கிழக்கு மாகாண சபையும் 2017க்குப் பிறகு இல்லையே, அங்கீகாரம் யார் கொடுப்பது?

2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பம் போட யோசிக்கிறேன். கேட்ட தகவலைத் தரலாமா, இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் பிரதேச சபை முடிவு சொல்லவேண்டுமாம். களுவாஞ்சிக்குடி, வாழைச்சேனைப் பக்கம் யாராவது இப்படிக் கேட்டு எடுத்திருந்தால், எழுதிய கடிதத்தின் படத்தைப் போடுங்கள். கேள்வியை எப்படிக் கேட்டால் நழுவ மாட்டார்கள் என்பதுதான் எனக்குத் தேவை. கட்சிச் சண்டை வேண்டாம், பிளீஸ்.