கருவிகளுக்குத் தனித்தாளா, பாடத்துக்குள்ளேயே கருவியா?

பாடக்குறிப்பு:
நான் மொழியாசிரியர்களுக்குப் பயிற்சி தருபவன். எங்கள் நிறுவனத்தில் அடுத்த பருவத்துக்கு ஒரு முன்மொழிவு வந்திருக்கிறது. 'எண்ணிமக் கருவிகள்' (டிஜிட்டல் கருவிகள்) என்று தனியாக ஒரு தாள், அதாவது தனிப் பாடம். அதற்கான நேரத்தைக் கற்பித்தல் பயிற்சியிலிருந்து வெட்டி எடுப்பார்களாம். எனக்கு இதில் உடன்பாடில்லை, எதிர்த்துக் கடிதம் எழுதப் போகிறேன்.

வகுப்பில் நல்ல கேள்வி கேட்கத் தெரியாதவர், அதே மொக்கைக் கேள்வியை வினாடி வினா செயலியில் வண்ணம் பூசிக் கேட்பார். அவ்வளவுதான் நடக்கும். கல்வி ஆய்வாளர் ரிச்சர்ட் கிளார்க் 1983-லேயே இதை எழுதிவிட்டார்: ஊடகம் என்பது மளிகைச் சாமான் ஏற்றிவரும் வண்டி மாதிரி, சாப்பிடுகிறவரின் உடம்பு தேறுவது சாமானால்தான், வண்டியால் அல்ல. நாமோ அன்றிலிருந்து வண்டியை மட்டும் மாற்றிக்கொண்டே இருக்கிறோம்.

அப்புறம், இன்று சொல்லித்தரும் செயலி மூன்று வருடம் கழித்து இருக்குமா என்பதே சந்தேகம். மாற்றுக்கருத்து உள்ளவர்கள் தாராளமாக வரலாம்.

ஒலிவாங்கி:
வந்துவிட்டேன். கிளார்க்கைச் சொன்னவர், அவரை மறுத்த ஆய்வாளர் ராபர்ட் கோஸ்மாவை ஏன் விட்டுவிட்டீர்கள்? ஊடகத்தையும் முறையையும் அப்படிப் பிரித்துப் பார்க்க முடியாது, சில முறைகளுக்குச் சில ஊடகங்களே வழிவிடுகின்றன என்று 1994-ல் அவர் பதில் எழுதினாரே.

மொழி வகுப்பில் கணக்குப் போட்டாலே இது தெரிந்துவிடும். 45 நிமிடம், 40 மாணவர்கள். ஆசிரியர் 20 நிமிடம் பேசினால் மிச்சம் 25. ஒருவர் பின் ஒருவராகப் பேசவைத்தால் ஆளுக்கு 40 நொடிகூட வராது. அதே பிள்ளைகளை வீட்டில் இரண்டு நிமிடம் பேசிக் குரல்பதிவாக அனுப்பச் சொல்லுங்கள். கூச்சப்படும் பிள்ளை நாலு தடவை பேசி அழித்துவிட்டு ஐந்தாவதைத்தான் அனுப்பும். அழித்த நாலும் பயிற்சிதானே? கேட்பதாலும் படிப்பதாலும் மட்டும் மொழி முழுதாக வந்துவிடாது, பேசி எழுதிப் பார்க்கும்போதுதான் தனக்கு எது தெரியவில்லை என்பதே மாணவருக்குப் புரியும் என்பது மொழிக் கல்வி ஆய்வாளர் மெரில் ஸ்வெய்ன் 1985 முதல் சொல்லிவந்த கருத்து. அந்தப் பேசிப்பார்க்கும் நேரத்தை வேறு எங்கிருந்து கொண்டுவருவீர்கள்?

சிவப்புமை:
சரி, அந்த 40 பதிவுகளை யார் கேட்பது? ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றால் 80 நிமிடம். அது ஒரு வகுப்புக்கு. எனக்கு ஐந்து வகுப்பு. கேட்காமல் விட்டால் இரண்டாம் வாரமே பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள், மூன்றாம் வாரம் பதிவே வராது. கட்டுரை நோட்டில் பக்கத்தை மட்டும் எண்ணிக் கையெழுத்துப் போடும் ஆசிரியர் யார் என்று அவர்களுக்குத் தெரியாதா என்ன?

ஒலிவாங்கி:
எல்லாவற்றையும் நீங்களே கேட்க வேண்டியதில்லை. வாரம் எட்டுப் பேர், சுழற்சி முறையில். மற்றவர்கள் இருவர் இருவராகச் சேர்ந்து ஒருவர் பதிவை மற்றவர் கேட்கட்டும். கேட்கும்போது ஒரே ஒரு விஷயத்தைத்தான் கவனிக்க வேண்டும். இந்த வாரம் இறந்தகாலம் என்றால் இறந்தகாலம் மட்டும். பொதுவாக வரும் பிழைகளை அடுத்த வகுப்பில் பத்து நிமிடம் பார்க்கலாம். இதெல்லாம் யாருக்கும் பிறவியிலேயே வந்துவிடாது, பயிற்சியில் சொல்லித்தர வேண்டும். அதற்குத்தான் தனித்தாள்.

பாடக்குறிப்பு:
நீங்கள் இப்போது சொன்னதில் கருவி எங்கே இருக்கிறது? சுழற்சி, இருவராகக் கேட்பது, ஒரே குறிக்கோள் எல்லாமே கற்பித்தல் முறை. பேசுதல் திறன் பாடத்தில் வரவேண்டியவை. பதிவுப் பொத்தானை அழுத்துவதற்கு எதற்கு ஒரு தாள்?

புதுவாத்தியார்:
சார், பயிற்சி முடித்து வேலைக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது, அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். எங்களுக்குத் தனித்தாளும் கிடையாது, பாடத்துக்குள்ளும் கிடையாது. ஒருநாள் பட்டறைதான். காலையிலிருந்து மாலைக்குள் பத்துப் பன்னிரண்டு கருவிகள். ஒவ்வொன்றிலும் கணக்குத் தொடங்கு, கடவுச்சொல் போடு, மின்னஞ்சலுக்கு வந்த எண்ணை உள்ளிடு என்று பாதி நாள் போய்விட்டது. கடைசியில் சான்றிதழ், குழுப்படம். "இதை எந்தப் பாடத்துக்குப் பயன்படுத்துவீர்கள்?" என்று ஒருவர்கூட எங்களைக் கேட்கவில்லை.

நானாகக் கற்றுக்கொண்டு பயன்படுத்துவது ஒன்றே ஒன்று, சொல்லட்டைச் செயலி. தமிழை இரண்டாம் மொழியாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு. வழக்கமாக அட்டையின் ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருள் என்று போடுவார்கள். அப்படிப் படித்த பிள்ளை 'பிடிக்கும்' என்றால் என்ன என்று டக்கென்று சொல்லிவிடும், பேசும்போது மட்டும் "நான் இந்தப் பாட்டு பிடிக்கும்" என்று வரும். அதனால் என் அட்டையின் முன்பக்கத்தில் "______ இந்தப் பாட்டு பிடிக்கும்" என்று வாக்கியம் இருக்கும், கீழே சின்னதாக 'நான்'. பின்பக்கம் 'எனக்கு'. அடுத்த அட்டையில் 'அவள்', அதற்கடுத்து 'நாங்கள்'. எந்தப் பிள்ளை எதில் தடுமாறுகிறதோ அதைச் செயலி அந்தப் பிள்ளைக்குச் சீக்கிரமாகத் திரும்பக் காட்டும், தெரிந்ததைத் தள்ளிவைக்கும். வகுப்பு முழுவதற்கும் இதை என்னால் கையால் செய்ய முடியாது.

பாடக்குறிப்பு:
தம்பி, அட்டை அருமை. ஆனால் அதன் உயிர் முன்பக்கத்து வாக்கியத்தில் இருக்கிறது, அது உங்கள் இலக்கண அறிவு. இடைவெளிவிட்டுத் திரும்பப் படிப்பதும் புதிதல்ல. ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் மறதியை அளந்து எழுதியது 1885-ல். 1970களில் லைட்னர் என்பவர் அதையே அட்டைப்பெட்டியில் அறைகள் வைத்துச் செய்தார். 'அங்கி' (Anki) என்ற சொல்லட்டைச் செயலி 2006-ல் வந்தது. அறிவு பழையது, பெட்டிதான் மாறியிருக்கிறது.

ஒலிவாங்கி:
அந்தப் பெட்டியை 40 பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்றாக எத்தனை ஆசிரியர்கள் வைத்துப் பராமரித்தார்கள்? பழைய அறிவுதான், ஒப்புக்கொள்கிறேன். நடைமுறைக்கு வந்தது கருவியால்.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நுண்கற்பித்தல் என்று உங்கள் பயிற்சியிலேயே ஒன்று உண்டல்லவா? 1960களில் ஸ்டான்ஃபோர்டில் ட்வைட் ஆலன் குழுவினர் அதை வளர்த்தெடுத்தபோது காணொளிப் பதிவு அதில் முக்கியமான பங்கு வகித்தது. சின்னதாக ஒரு பாடம் நடத்து, பதிவைப் பார், திருத்திக்கொண்டு மறுபடி நடத்து. இன்று பல இடங்களில் பதிவு கழன்றுபோய், சக மாணவர்கள் நாலு பேர் "நன்றாக இருந்தது, குரலைக் கொஞ்சம் உயர்த்தலாம்" என்று சொல்வதோடு முடிந்துவிடுகிறது. ஆளாளுக்குப் பையில் கேமரா இருக்கும் காலத்தில்! ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஒரு நொடி அளவுதான் காத்திருக்கிறார்கள், மூன்று நொடி பொறுத்தால் பிள்ளைகளின் பதில்கள் நீள்கின்றன என்று கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் காட்டினார். இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். தன் பதிவைத் தானே பார்க்கும்போதுதான், கேட்ட மூச்சிலேயே பதிலையும் சொல்லிவிடுவது அவருக்கு உறைக்கும்.

பாடக்குறிப்பு:
பதிவு விஷயத்தில் மறுப்பில்லை, நியாயமான குத்து. ஆனால் பதிவைப் பார்த்துத் திருத்தி மறுபடி நடத்த நேரம் வேண்டும். அந்த நேரத்தைத்தான் தனித்தாள் சாப்பிடப் போகிறது.

வரலாற்றையும் பாருங்கள். 1957-ல் சோவியத் செயற்கைக்கோள் ஸ்புட்னிக் பறந்தது, பின்தங்கிவிட்டோமோ என்ற பதற்றத்தில் 1958-ல் அமெரிக்கா சட்டம் போட்டு மொழிக் கல்விக்குப் பணம் ஒதுக்கியது. காதொலிப்பான் மாட்டிய தடுப்பறைகளோடு மொழி ஆய்வுக்கூடங்கள் பெருகின. சில ஆண்டுகளில் அவற்றில் பல தூசி படிந்து கிடந்தன.

சிவப்புமை:
நான் யார் பக்கமும் இல்லை, ஆனால் இந்த உதாரணம் உங்கள் பக்கமே திரும்புகிறது. ஒரே வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லி ஒப்பிக்கும் பயிற்சி சலித்துப்போனது ஒரு காரணம். இயந்திரம் வந்த வேகத்துக்கு ஆசிரியர்களைத் தயார்ப்படுத்தாதது இன்னொன்று. அது பயிற்சி வேண்டும் என்பவர்களின் வாதமல்லவா?

என் கவலை வேறு. கருவி தரும் பின்னூட்டத்தை நம்பலாமா என்று ஆசிரியருக்குக் கணிக்கத் தெரிய வேண்டும். பேச்சை எழுத்தாக்கும் கருவியை வைத்து உச்சரிப்புப் பயிற்சி தருகிறார்கள். மாணவி "பலம் சாப்பிட்டேன்" என்கிறாள். திரையில் "பழம் சாப்பிட்டேன்" என்று அழகாக வருகிறது. பக்கத்தில் 'சாப்பிட்டேன்' இருப்பதால் கருவி தானே ஊகித்து ழகரத்தைப் போட்டுக்கொள்கிறது. சொன்னதைப் புரிந்துகொள்ளத்தான் அதை உருவாக்கியிருக்கிறார்கள், பிழை பிடிக்க அல்ல. மாணவிக்கோ தன் ழகரம் சரி என்ற நம்பிக்கை வந்துவிட்டது. இந்தப் பொறியைத் தாண்ட, சூழல் இல்லாத தனிச்சொற்களைக் கொடுத்துப் பார்க்க வேண்டும், அல்லது ஆசிரியரின் காதுதான் கேட்க வேண்டும்.

எழுத்திலும் அப்படித்தான். பிரெஞ்சு வழி வகுப்புகளை ஆராய்ந்து 1997-ல் லிஸ்டர், ராண்டா என்ற மொழிக் கல்வி ஆய்வாளர்கள் எழுதியது நினைவிருக்கும். பிழையான வாக்கியத்தை ஆசிரியர் தானே திருத்திச் சொல்லிவிடுவதுதான் அதிகம் நடந்தது, மாணவர்கள் மிகக் குறைவாக எதிர்வினை காட்டியதும் அதற்குத்தான். இன்றைய திருத்தும் செயலிகள் செய்வது அச்சு அசல் இதுவே. ஒரு தட்டு, வாக்கியம் சுத்தம், மண்டையில் எதுவும் ஏறவில்லை. நான் பகிர்வு ஆவணத்தில் பிழையுள்ள வரியின் ஓரத்தில் ஒரு குறி மட்டும் போடுவேன். என்ன பிழை என்று கண்டுபிடிப்பது பிள்ளையின் வேலை.

புதுவாத்தியார்:
சாட்ஜிபிடி எழுதிய கட்டுரைகளை என்ன செய்கிறீர்கள் அம்மா? எங்கள் பள்ளியில் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றை வாங்கலாம் என்கிறார்கள்.

சிவப்புமை:
வேண்டாம். சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் கண்டுபிடிப்புக் கருவியைத் துல்லியம் போதாது என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றுக்கொண்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள், ஆங்கிலம் தாய்மொழியல்லாதவர்கள் டோஃபெல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய கட்டுரைகளை இப்படிப்பட்ட கருவிகளில் போட்டுப் பார்த்தார்கள். சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவை இயந்திரம் எழுதியவை என்று வந்தன. எளிய சொற்கள், ஊகிக்கக்கூடிய அமைப்பு: புதிதாக மொழி கற்பவர் வேறெப்படி எழுதுவார்? நம் மாணவர்கள் அத்தனை பேரும் அந்த வகைதான். கட்டுரையின் முதல் பத்தியை வகுப்பிலேயே கையால் எழுதவைக்கிறேன், பிறகு இரண்டு நிமிடம் அதைப் பற்றிப் பேசச் சொல்கிறேன். தானே எழுதியவர் பேசிவிடுவார்.

ஒலிவாங்கி:
பார்த்தீர்களா, இதெல்லாம் எந்தப் பாடத்துக்குள் வரும் சொல்லுங்கள்? இலக்கணத்திலா, செய்யுளிலா?

பாடக்குறிப்பு:
சரி, ஒரு சவால். எந்தச் செயலியின் பெயரும் சொல்லாமல் உங்கள் தனித்தாளில் என்ன இருக்கும் என்று எழுதுங்கள். பெயர் இல்லாமல் நிற்கிறதா பார்ப்போம்.

ஒலிவாங்கி:
பின்னூட்டத்தை எடைபோடுவது, அதாவது கருவி சொல்வதை எப்போது நம்புவது. பிள்ளைகளின் குரலும் முகமும் எங்கே போய்ச் சேர்கின்றன என்பது. 2022-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு 49 நாடுகளில் 160-க்கும் மேற்பட்ட கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்தது. அவற்றில் பத்தில் ஒன்பது போல, பிள்ளைகளின் உரிமைக்குப் பாதகமான, அல்லது பாதகமாகக்கூடிய வகையில் தரவைக் கையாண்டதாகத் தெரிந்தது. இணையம் இல்லாத நாளில் அதே பாடத்தை எப்படி நடத்துவது. தன் பாடத்தைப் பதிவு செய்து ஆராய்வது. நேரத்தைப் பங்கிடுவது. போதுமா?

பாடக்குறிப்பு:
கடைசி இரண்டும் என் வகுப்புக்கு உரியவை, தரமாட்டேன். இணையம் இல்லாத நாள் பாடக்குறிப்பு எழுதும்போதே வரவேண்டியது. தரவு விஷயத்துக்கும், கருவியை நம்புவதா இல்லையா என்பதற்கும் தனி நேரம் வேண்டும் என்பதை ஏற்கிறேன். அதற்கு முழுத்தாள் வேண்டாம், சில மணிநேரம் போதும். நடத்துபவர் மொழியாசிரியராக இருக்க வேண்டும். முன்மொழிவில் கணினித் துறையைப் போட்டிருக்கிறார்கள்.

புதுவாத்தியார்:
எங்கள் பட்டறையும் அவர்கள் நடத்தியதுதான் சார். தேர்வு உண்டா இதில்?

பாடக்குறிப்பு:
உண்டு. எழுத்துத் தேர்வு. மாதிரி வினாத்தாள்கூட வந்துவிட்டது. முதல் வினா: 'செயலி என்றால் என்ன? ஏதேனும் ஐந்து பயன்களைக் கூறுக.'

சிவப்புமை:
😂 விடைக்குச் சாட்ஜிபிடியைக் கேட்கலாமா?

ஒலிவாங்கி:
எழுத்துத் தேர்வு என்றால் உங்கள் எதிர்ப்புக் கடிதத்தில் என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தனித்தாள் வேண்டும் என்பதில் மாற்றமில்லை. செய்முறைத் தேர்வோடு எப்படி இருக்க வேண்டும் என்று தனியாக எழுதி அனுப்புகிறேன், அதையும் சேர்த்து மேசையில் வையுங்கள்.