1935 சட்டத்தில் பணப்பெட்டியின் சாவி யாரிடம் இருந்தது?

கேள்வி:
1935 இந்திய அரசுச் சட்டத்தைப் படித்துக்கொண்டிருக்கிறேன். மாகாண சுயாட்சி, தேர்தல், மந்திரிசபை எல்லாம் சரி. ஆனால் 12ஆம் பிரிவில், கூட்டாட்சி அரசின் நிதி நிலைத்தன்மையையும் கடன் நம்பகத்தையும் காப்பது கவர்னர் ஜெனரலின் தனிப்பொறுப்பு என்று இருக்கிறது. அதாவது மந்திரி சொல்வதை மீறி அவரே முடிவெடுக்கலாம். 1930களின் பொருளாதார மந்தக் காலத்துப் பயத்தால் இப்படிச் செய்தார்களா, அல்லது அதிகாரத்தைக் கொடுக்காமலிருக்க ஒரு வழியா?

பதில் 1:
பயம் உண்மைதான், ஆனால் யாருடைய பணத்துக்காகப் பயந்தார்கள் என்று பாருங்கள். லண்டனில் வாங்கிய கடனுக்கு வட்டி, ஓய்வுபெற்ற ஆங்கிலேய அதிகாரிகளின் பென்ஷன், ராணுவத்துக்கான தொகை எல்லாம் வருடா வருடம் ஸ்டெர்லிங்கில், அதாவது பிரிட்டிஷ் பவுண்டில், போயாக வேண்டும், ரூபாய் இறங்கினால் அதற்குக் கூடுதல் ரூபாய் வேண்டும். அதனால்தான் 1927இல் ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று சட்டம் போட்டார்கள், 1 ஷில்லிங் 4 பென்ஸ்தான் சரி என்று பம்பாய் வியாபாரிகள் எவ்வளவு போராடியும் அசையவில்லை. 1931 செப்டம்பரில் பிரிட்டன் தன் பணத்தைத் தங்கத்தோடு கட்டிய முறையை விட்டு விலகியபோது வைஸ்ராயின் (கவர்னர் ஜெனரலும் அவர்தான்) அரசே எதிர்த்தும் கேட்காமல், அதே விகிதத்தில் ரூபாயை ஸ்டெர்லிங்கோடு கட்டிப்போட்டது லண்டன். விளைச்சலுக்கு விலையில்லாத விவசாயிகள் வீட்டிலிருந்த தங்கத்தை விற்றுக் கடனையும் வரியையும் கட்டினார்கள், அந்தத் தங்கம் கப்பல் கப்பலாக வெளியே போனது. இந்த விகிதத்தை நாளைக்கு ஓர் இந்திய மந்திரி தொட்டுவிடக் கூடாது, அதற்குத்தான் 12ஆம் பிரிவு. 153ஐயும் சேர்த்துப் படியுங்கள்: நாணயம், ரிசர்வ் வங்கி பற்றி மசோதா கொண்டுவரவே கவர்னர் ஜெனரலின் முன்அனுமதி வேண்டும்.

பதில் 2:
ரிசர்வ் வங்கியும் இந்தக் கதையில் ஒரு பகுதி. அரசியல் தலையீடு இல்லாத மத்திய வங்கி இயங்க ஆரம்பித்த பிறகுதான் மாகாணங்களும் சமஸ்தானங்களும் சேர்ந்த கூட்டாட்சி என்று பிரிட்டிஷ் அரசின் 1933 வெள்ளை அறிக்கையிலேயே நிபந்தனை வைத்தார்கள். 1934இல் சட்டம், 1935 ஏப்ரல் 1இல் 5 கோடி ரூபாய் மூலதனத்தோடு பங்குதாரர் வங்கியாகத் தொடக்கம். ஆனால் முதல் கவர்னர் ஆஸ்பர்ன் ஸ்மித், மாற்று விகிதத்திலும் வட்டி விகிதத்திலும் அரசின் நிதி உறுப்பினரோடு (வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் நிதியைக் கவனித்தவர்) ஒத்துப்போகாமல் பதவிக்காலம் முடியும் முன்பே விலக வேண்டி வந்தது. தலையீடு கூடாது என்ற விதி இந்திய அரசியலுக்கு மட்டும்தான்!

பதில் 3:
மத்தியைப் பொறுத்தவரை ஒப்புக்கொள்கிறேன், மாகாணத்தை அதோடு சேர்க்காதீர்கள். மாகாணத் துறைகளை மந்திரிகளுக்கும் கவர்னருக்கும் பிரித்த 1919 இரட்டை ஆட்சியில் நிதி கவர்னர் கையில் வைக்கப்பட்ட 'ஒதுக்கப்பட்ட' துறை, கல்வி மந்திரி பணத்துக்கு கவர்னரின் ஆளிடம் போய் நிற்க வேண்டும். 1937இல் சென்னை மாகாணத்தின் பிரதமரான (இன்றைய முதல்வர் பதவி) ராஜாஜி நிதியையும் தானே வைத்துக்கொண்டார். சேலத்தில் மதுவிலக்கு கொண்டுவந்து கலால் வருமானத்தை விட்டார், 1939இல் பொது விற்பனை வரி போட்டு ஈடுகட்டப் பார்த்தார். கவர்னரின் தனிப்பொறுப்புகளைச் சொல்லும் 52ஆம் பிரிவில் மாகாண நிதி நிலைத்தன்மை கிடையாது. இதைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை.

கேட்டவர்:
மிக்க நன்றி. அப்புறம், மத்தியில் இந்தப் பிரிவை வைத்து எந்த மந்திரியையாவது தடுத்தார்களா?

பதில் 1:
தடுக்க மந்திரியே இல்லை. போதுமான சமஸ்தானங்கள் சேராததால் கூட்டாட்சிப் பகுதி அமலுக்கே வரவில்லை, மத்தியில் 1919 ஏற்பாடே நீடித்தது.