பிரெஞ்சும் அரசியலும் ஒரே பட்டத்தில்: ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு காலா?

ஹாரோ மாமா:
அக்கா மகளுக்கு இங்கிலாந்தில் இரண்டு பல்கலைக்கழகங்களில் இடம் கிடைத்திருக்கிறது. ஒன்றில் தனி அரசியல், 3 வருடம். மற்றதில் பிரெஞ்சும் அரசியலும் சேர்ந்த பட்டம், 4 வருடம். மூன்றாம் வருடம் பிரான்சில். அவளுக்கு இரண்டாவதுதான் வேண்டுமாம். அத்தான் மூன்று நாளாக முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறார். படித்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்கன்:
நான் அத்தான் கட்சி. தனி அரசியல் படிப்பவர் எடுக்கும் பாடங்களில் ஏறக்குறைய பாதிதான் இவளுக்குக் கிடைக்கும். முதலில் கழன்று விழுவது புள்ளியியல் வகுப்பு. வேலைக்கு எடுப்பவர் கேட்பதோ அதைத்தான். மொழி வேண்டுமென்றால் மாலை வகுப்பு இருக்கிறது, தால்ஃப் சி1 என்ற உயர்நிலை பிரெஞ்சுத் தேர்வு இருக்கிறது. அதற்காக இன்னொரு வருடக் கட்டணம், 2025-26 கணக்கில் 9,535 பவுண்டா?

நாலாம் வருடக்காரி:
அண்ணா, கணக்கன் என்று பெயர் வைத்துக்கொண்டு கணக்கில் கோட்டை விடலாமா? வெளிநாட்டில் இருக்கும் வருடத்துக்கு முழுக் கட்டணம் கிடையாது. உச்சவரம்பில் 15 சதவீதம்தான் கேட்கலாம். 2025-26 கணக்கில் 1,430 பவுண்டு. வாடகையும் விசாவும் தனி, அது மறுக்க முடியாத செலவு. பிரெக்சிட்டுக்குப் பிறகு 90 நாளைத் தாண்டினால் பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுக்கும் விசா வேண்டும்.

நான் இதே பட்டம்தான் படிக்கிறேன். முதல் வருடம், 2023 மார்ச். பிரான்சில் ஓய்வு வயதை 62இலிருந்து 64ஆக உயர்த்தும் சட்டத்தை அன்றைய பிரதமர் போர்ன் அரசியலமைப்பின் 49.3ஆம் பிரிவின் கீழ் கொண்டுவந்த நேரம். ஒரு பத்திரிகைப் பத்தியை மொழிபெயர்க்கக் கொடுத்தார்கள். அதில் 'மோசியோன் தெ சான்சூர்' என்று வந்தது. நான் தணிக்கைத் தீர்மானம் என்று எழுதிவைத்தேன். சான்சூர் என்றால் தணிக்கை என்றும் பொருள் உண்டு, அகராதி பொய் சொல்லவில்லை. ஆனால் அது நம்பிக்கையில்லாத் தீர்மானம். 49.3இன்படி சட்டத்தின் மேல் வாக்கெடுப்பே கிடையாது. 24 மணி நேரத்துக்குள் யாராவது அந்தத் தீர்மானம் கொடுத்து, அது ஜெயித்தால்தான் சட்டம் விழும், கூடவே அரசும் விழும். அன்று 287 வாக்கு வேண்டியிருந்தது, விழுந்தது 278. ஒரு சொல்லுக்குள் இவ்வளவு இருந்தது. மாலை வகுப்பில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ரொட்டிக் கடையில் எப்படிக் கேட்பது என்பதுதான்.

கணக்கன்:
அழகான கதை. ஆனால் 49.3ஐ ஆங்கிலப் பத்திரிகையில் பத்து வரியில் படித்துவிடலாமே? இன்னொன்று, நீங்கள் விலை இறங்குகிற பங்கை வாங்குகிறீர்கள். மாலி 2023இல் பிரெஞ்சை ஆட்சிமொழி இடத்திலிருந்து இறக்கிவிட்டது. 2025 மார்ச்சில் மாலி, புர்கினா ஃபாசோ, நைஜர் மூன்றும் பிரெஞ்சு பேசும் நாடுகளின் அமைப்பிலிருந்தே விலகின.

நாலாம் வருடக்காரி:
அதைத்தான் அண்ணா வகுப்பில் படிக்கிறோம். ஏன் விலகினார்கள் என்று அந்த அரசுகள் விளக்கியதே பிரெஞ்சில்தான்.

புதுவைப் பேரன்:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். எங்கள் வீட்டில் தாத்தா பிரெஞ்சுக் குடிமகன். 1962இல் புதுச்சேரி சட்டப்படி கைமாறியபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பம். பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு அவருக்கு ஓட்டு உண்டு. வெளிநாட்டு பிரெஞ்சுக்காரர்களுக்கான 11ஆம் தொகுதி. இந்தியா, ஆஸ்திரேலியா, ரஷ்யா எல்லாம் ஒரே தொகுதி! வேட்பாளர் அனுப்பும் தேர்தல் அறிக்கைக்கு 'புரொஃபெசியோன் தெ ஃபுவா' என்று பெயர். நேர்ப்பொருள் விசுவாசப் பிரகடனம். தாத்தாவின் பிரெஞ்சு கையெழுத்தோடு சரி. அம்மா தலைப்பைப் படித்துவிட்டு "யாரோ பாதிரியார் நிற்கிறார் போல" என்றார்.

சிரிக்காதீர்கள், நானும் பிளஸ் டூவில் மதிப்பெண்ணுக்காக பிரெஞ்சு எடுத்தவன்தான். வினைச்சொல் எல்லாம் ஒப்பிப்பேன். அந்த அறிக்கையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தால், ஒவ்வொரு வாக்கியமும் புரிந்தது, ஆள் இடதா வலதா என்பது மட்டும் புரியவில்லை. கடைசியில் தாத்தா எதிர்வீட்டுக்காரர் சொன்ன ஆளுக்குப் போட்டார்.

கணக்கன்:
சரி, தாத்தா விஷயத்தில் தோற்றேன். வேலைக்கு வருவோம். லக்சம்பர்க்கில் இருக்கும் ஐரோப்பிய நீதிமன்றம் உள்ளுக்குள் கலந்துபேசுவது பிரெஞ்சில் என்று யாராவது ஆரம்பிப்பீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் நிரந்தர வேலைக்கு உறுப்பு நாட்டுக் குடியுரிமை வேண்டும். பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டோடு வாசலில் நிற்க வேண்டியதுதான்.

நாலாம் வருடக்காரி:
உண்மை. ஐநா செயலகம் இருக்கிறது, அங்கே ஆங்கிலமும் பிரெஞ்சும் வேலை மொழிகள். ஆனால் அதைக் காட்டி யாரையும் சேர்க்க மாட்டேன், அங்கே இடம் பிடிப்பது குதிரைக் கொம்பு.

புள்ளியியல் விஷயத்திலும் நீங்கள் சொன்னது சரிதான். எனக்கு அந்த ஓட்டை இருக்கிறது. கருத்துக்கணிப்பு அட்டவணை ஒன்றைப் பார்த்து விழித்துக்கொண்டு நிற்கிறேன், கடைசி வருடத்தில்.

பதிலுக்குக் கிடைத்தது வேறு. பிரான்சில் என் முதல் வாய்மொழி உரைக்கு 20க்கு 9. பிழை மொழியில் இல்லை. நான் மூன்று பாகமாகப் பேசினேன், அங்கே இரண்டு பாகம், ஒவ்வொன்றிலும் இரண்டு உட்பிரிவு. வாதத்தை அப்படித்தான் மடிக்க வேண்டுமாம். எரிச்சலாக இருந்தது. ஆனால் 2024 டிசம்பர் 4 இரவு, விடுதிச் சமையலறையில் ஆறு பேர் ஒரு கைபேசியைச் சுற்றி நின்றோம். பிரதமர் பார்னியேயின் அரசு நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் 331 வாக்கில் விழுந்தது, 1962இல் பொம்பிடு அரசுக்குப் பிறகு இப்படி விழுந்த முதல் அரசு. என் அறைத்தோழி இரண்டு பக்கத்து வாதத்தையும் அதே இரண்டு பாகமாகப் பிரித்துப் பேசிக்கொண்டே பாஸ்தா கிளறினாள். அன்றுதான் நாடாளுமன்றத்தில் ஏன் அப்படிப் பேசுகிறார்கள் என்று பிடிபட்டது.

கணக்கன்:
பாஸ்தா கிளறுவதற்கு 1,430 பவுண்டு. இருக்கட்டும்.

ஹாரோ மாமா:
அத்தானிடம் அந்த 1,430ஐச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "அந்த விடுதியில் சோறு வடிக்க விடுவார்களா" என்று கேட்டார். மகள் இன்னொரு வேலையும் செய்திருக்கிறாள்: புள்ளியியலை விருப்பப் பாடமாக எடுக்க முடியுமா என்று துறைக்கு எழுதியிருக்கிறாள். பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.

கணக்கன்:
முதல் வருடத்திலேயே எடுக்கச் சொல்லுங்கள். பிரான்ஸ் போய்வந்த பிறகு யாரும் எடுக்க மாட்டார்கள்.