சீமோனோட பசங்க பேரு மாற்குல மட்டும் ஏன்?

பனையோலை:
நேத்து பைபிள்ல மாற்கு சுவிசேஷம் (இயேசு வாழ்க்கைய சொல்ற நாலு புத்தகத்துல ஒண்ணு) 15ம் அதிகாரம் படிச்சிட்டு இருந்தேன். இயேசுவோட சிலுவைய சுமக்க வச்சாங்கல்ல, சிரேனே ஊர் சீமோன், அவர அலெக்சந்தருக்கும் ரூப்புக்கும் அப்பான்னு சொல்லிட்டு மாற்கு பாட்டுக்கு போயிடுறாரு, பசங்க யாருன்னு ஒரு வரி விளக்கம் இல்ல. மத்தேயுவும் லூக்காவும் அதே சம்பவத்த எழுதுறாங்க, ஆனா பசங்க பேர காணோம். என் கணக்கு என்னன்னா, சுமார் கி.பி. 70ல மாற்கு வாசிக்கக் கேட்டவங்களுக்கு அந்த ரெண்டு பேரையும் தெரியும், "அட நம்ம ரூப்போட அப்பாவா"ன்னு கேட்டிருப்பாங்க, அப்புறம் தெரிஞ்சவங்க போயிட்டாங்க, பேரும் கூடவே போச்சு. சுவிசேஷம் சபையோட ஞாபகத்துல இருந்து வந்ததுக்கு இதவிட என்ன வேணும்?

உப்புமூட்டை:
அண்ணே ரெண்டு பேர் கிடைச்சா மீதி எல்லாம் நடந்ததாயிடுமா? அதே அதிகாரத்துல துணிய சீட்டு போட்டு பிரிச்சிக்கிறது, தலையாட்டி கேலி பண்றது, "என் தேவனே என் தேவனே ஏன் என்னைக் கைவிட்டீர்" மூணும் 22ம் சங்கீதத்துல, அதாவது இயேசுவுக்கு ரொம்ப முன்னாடியே இருந்த யூத பாட்டுல, வர்றது. இதுல ஞாபகம் எது, சங்கீதத்த வச்சு நிரப்புனது எது, நீங்களே பிரிச்சு காட்டுங்க பாப்போம்.

பனையோலை:
பிரிக்க முடியாது தம்பி. சங்கீதம் சொல்லியே வளந்த யூதங்க துக்கத்த வேற எந்த வார்த்தைல சொல்லுவாங்க? ஒப்பாரில செத்தவர ராஜான்னு பாடுறாங்க, அதுக்காக சாவே நடக்கலன்னு சொல்வியா? சுவிசேஷம் எழுத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே, கி.பி. 50கள்ல, அப்போஸ்தலர் பவுல் கொரிந்து சபைக்கு எழுதுறப்ப எனக்கு கிடைச்சத உங்ககிட்ட ஒப்படைச்சேன்னு தான் சொல்றாரு. கைமாறி வந்த விஷயம் அது.

உப்புமூட்டை:
கைமாறுனா மாறவும் செய்யும்ல. மாற்குல இயேசு சீஷங்களோட சாப்ட கடைசி ராப்போஜனமே பஸ்கா விருந்து (எகிப்துல இருந்து விடுதலையானத நினைச்சு யூதங்க ஆட்டுக்குட்டி அடிச்சு கொண்டாடுற பண்டிக). யோவான்ல பஸ்கா இன்னும் வரவே இல்ல, ஆட்டுக்குட்டி அடிக்கிற அந்த நாள்ல இயேசு சாகுறாரு, ஏன்னா யோவானுக்கு அவர் தான் ஆட்டுக்குட்டி. செத்த நாளையே ரெண்டு விதமா ஞாபகம் வச்ச கூட்டம்ணே இது 😄

மணல்மேடு_டீச்சர்:
அந்த நாள் பிரச்சன அதோட முடியல. சின்ன ஆசியா (இன்னைக்கு துருக்கி) சபைங்க யூத மாசம் நிசான் 14ம் தேதியே, அதாவது ஆட்டுக்குட்டி அடிக்கிற நாள்லயே, இயேசுவ நினைச்சு பஸ்காவ அனுசரிச்சாங்க, ரோம்ல ஞாயித்துக்கிழம தான். 150கள்ல சிமிர்னா பிஷப் பாலிகார்ப் ரோமுக்கே போய் அங்கத்த பிஷப் அனிசேட்டஸ்கிட்ட பேசுறாரு. பாலிகார்ப் நான் இயேசுவோட சீஷர் யோவானோட சேந்து அனுசரிச்சது இதுன்னாரு, அனிசேட்டஸ் எனக்கு முன்னாடி இருந்த மூப்பருங்க வழக்கம் இதுன்னாரு. ரெண்டு பேரும் ஆதாரமா காட்டுனது புத்தகத்த இல்ல, பெரியவங்கள! யாரும் மாத்திக்கல, ஆனா அனிசேட்டஸ் தன் சபைலயே பாலிகார்ப்ப நற்கருண நடத்த விட்டாரு, சமாதானமா பிரிஞ்சாங்க (எனக்கு ரொம்ப பிடிச்ச இடம் இது). 190 வாக்குல ரோம் பிஷப் விக்டர் ஆசியா சபைங்கள சபை உறவுல இருந்து மொத்தமா வெட்டி விட பாத்தப்ப, ஞாயித்துக்கிழம கட்சிக்காரரான லியோன் பிஷப் இரேனியுவே இந்த பழைய கதைய சொல்லி தான் அவர கண்டிச்சாரு. நாம யாருங்கறத அவங்க இப்படி வருஷா வருஷம் அனுசரிச்சு தான் முடிவு பண்ணிக்கிட்டாங்க, அதனால தான் ஒரு தேதிக்கு இவ்ளோ சண்ட.

உப்புமூட்டை:
டீச்சர் நீங்க எனக்கு தான் பாயிண்ட் எடுத்து குடுக்குறீங்க. வேண்டாத ஞாபகத்த மறைக்கிறதும் உண்டே, கலாத்தியர் கடிதத்துல பவுல் அந்தியோகியா ஊர்ல பேதுருவ மூஞ்சிக்கு நேரா எதிர்த்தேங்கிறாரு, ஆரம்ப சபையோட கதைய சொல்ற அப்போஸ்தலர் நடபடிகள்ல அந்த சண்டையே கிடையாது.

பனையோலை:
மறைக்கணும்னா கலாத்தியர தூக்கி போட்டிருக்கலாமே? ரெண்டையும் ஒரே புஸ்தகத்துல தான வச்சிருக்காங்க.

உப்புமூட்டை:
ம்ம். அது யோசிக்க வேண்டியது தான், ஒத்துக்குறேன். சரி பவுல் ரோம் சபைக்கு எழுதுன கடிதத்துல, ரோமர் 16ல, ஒரு ரூப்பு வர்றாரே, அவரோட அம்மா எனக்கும் அம்மான்னு பவுல் சொல்றாரு, அவரு தான் சீமோன் பையன்னு அடுத்து ஆரம்பிப்பீங்களே?

பனையோலை:
ஆசையா தான் இருக்கு. ஆனா ரூப்புங்கிறது அப்ப சர்வ சாதாரண பேரு தம்பி, அத வச்சு நான் சத்தியம் பண்ண மாட்டேன்.