குசினி நீட்டிக் கட்ட 60% முன்பணம் கேட்கிறார், "லைசென்ஸ் இருக்கு" என்கிறார். எதைப் பார்த்து நம்புவது? (பாடாங் செராய்)

செராய்க்காரி:

வணக்கம். கெடா, பாடாங் செராயில், தோட்டத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்பில்) ஒற்றை மாடித் தெரஸ் வீடு, அம்மா பெயரில் இருக்கிறது. பின்னால் 10 அடிக்கு 20 அடி குசினி நீட்ட வேண்டும். தரை, செங்கல் சுவர், தகரக் கூரை, ஒயரிங், குளியலறைக்கு வாட்டர் ஹீட்டர், இவ்வளவுதான் வேலை. வந்து பார்த்தவர் ஒரே தாளில் "எக்ஸ்டென்ஷன் கம்ப்ளீட், 38,000 வெள்ளி" என்று எழுதிக் கொடுத்தார். 60% முன்பணத்தை அவருடைய சொந்தக் கணக்கில் போடச் சொல்கிறார். லைசென்ஸ் கேட்டால் எஸ்.எஸ்.எம். (தொழில் பதிவு) தாளைக் காட்டுகிறார். பெர்மிட்டைப் பற்றிக் கேட்டால், "பின்பக்கம்தானே, யார் பார்க்கப் போறா?" என்கிறார்.

எந்தத் தாளைக் கேட்க வேண்டும், எங்கே சரிபார்க்க வேண்டும், பணத்தை எப்படிப் பிரித்துக் கொடுக்க வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

தாள்_பார்ப்பவன்:

எஸ்.எஸ்.எம். பதிவு கட்டட வேலைக்கான லைசென்ஸ் இல்லை தங்கச்சி. நாசி லெமாக் கடைக்கும் அதே பதிவுதான். இந்தப் பெயரில் ஒரு தொழில் இருக்கிறது என்பதற்கு மேல் அது எதையும் சொல்லாது.

நீங்கள் கேட்க வேண்டியது சி.ஐ.டி.பி. (கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியம்) பதிவு. 1994-ஆம் ஆண்டுச் சட்டம் (சட்டம் 520) புதிதாகக் கட்டுவதோடு நிற்கவில்லை. பழுது பார்ப்பது, மாற்றுவது, நீட்டுவது, உடைப்பது எல்லாம் அதில் கட்டுமான வேலைதான். பதிவில்லாமல் செய்தால் 10,000 முதல் 100,000 வெள்ளி வரை அபராதம். "சின்ன வேலைக்கெல்லாம் தேவையில்லை" என்று யாராவது சொன்னால் தலையாட்ட வேண்டாம். உங்கள் அளவு வேலைக்கு ஜி1, அதாவது அந்தப் பதிவின் கடைசித் தரமே போதும்.

அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தை நம்பாதீர்கள். சி.ஐ.டி.பி. இணையத்தளத்தில் கம்பெனி பெயரைப் போட்டுத் தேடுங்கள். பதிவு இன்னும் காலாவதி ஆகவில்லையா, கட்டட வேலைக்கான 'பி' பிரிவு அதில் இருக்கிறதா என்று பாருங்கள். கொட்டேஷனில் உள்ள பெயரும், சான்றிதழில் உள்ள பெயரும், பணம் போகும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். லைசென்சை வாடகைக்கு விடும் ஆட்கள் நிறைய உண்டு. அவர்கள் மாட்டுவது பெரும்பாலும் அந்தக் கணக்குப் பெயரில்தான். 22,800 வெள்ளியைச் சொந்தக் கணக்கில் போடச் சொல்பவரிடம் இதைக் கேளுங்கள், பதிலிலேயே ஆள் தெரிந்துவிடும்.

பெர்மிட் விஷயத்துக்கு 1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டம் இருக்கிறது. நீட்டிக் கட்ட உங்கள் பக்கம் கூலிம் நகராண்மைக் கழகத்தின் அனுமதி வேண்டும். பின் எல்லையிலிருந்து எவ்வளவு விட வேண்டும், பக்கத்து வீட்டார் கையெழுத்து வேண்டுமா என்பதை முகப்பிலேயே கேட்டுவிடலாம். அனுமதி இல்லாமல் கட்டினால் நோட்டீஸ் வீட்டுக்காரர் பெயருக்குத்தான் வரும். உடைக்கும் செலவும் அம்மா தலையில்தான் விழும்.

---

செங்கல்_கணக்கு:

"கம்ப்ளீட்" என்று ஒரே வரியில் எழுதியது கொட்டேஷனே இல்லை. சி.ஐ.டி.பி. பதிவு உள்ளவரும் தரையை மெல்லிசாகப் போட முடியும். அளவு தாளில் இருந்தால்தான் பிறகு பேச முடியும்.

தரை: 10×20 அடி, 5 அங்குலக் கனம் என்றால் சுமார் 2.4 கன மீட்டர் கான்கிரீட். 1:2:4 கலவையில் 50 கிலோ சிமெண்டு சுமார் 15 மூட்டை போகும். அன்றைக்குக் காலியான பைகளை எண்ணுங்கள். எட்டோ ஒன்பதோ கிடந்தால் மணல்தான் கூடியிருக்கிறது. பி.ஆர்.சி. கம்பி (தரைக்குள் போடும் கம்பி வலை) ஏ7 ரகம் என்று எழுதி வாங்குங்கள். 2.2×6 மீட்டர் ஷீட் இரண்டு போதும். கான்கிரீட் ஊற்றும் முன் குனிந்து பாருங்கள்: கம்பி அடியில் விரித்த பிளாஸ்டிக் ஷீட் மேல் படுத்துக் கிடக்கக்கூடாது, சிமெண்டுக் கட்டைகள் மேல் தூக்கி நிற்க வேண்டும். தரையோடு ஒட்டிக் கிடக்கும் கம்பியால் ஒரு பயனும் இல்லை.

நம் பக்கத்துத் தாமான்கள் பல பழைய ரப்பர், செம்பனைக் காட்டு நிலத்தில் எழுந்தவை. மண்ணுக்கடியில் புதைந்த அடிமரமும் வேரும் மக்கினால் மேல்மண் இறங்கும். அதனால் அஸ்திவாரக் குழி கொட்டிய மண்ணைத் தாண்டிக் கெட்டி மண் வரை போக வேண்டும். நிரப்பும் மண்ணை 6 அங்குலத்துக்கு ஒரு அடுக்காகக் குத்தி இறுக்க வேண்டும். பழைய சுவரோடு புதுச் சுவரைக் கம்பி போட்டு இறுக்கிக் கட்டிவிட்டு, ஒரே வருசத்தில் மேலிருந்து கீழே விரிசல் வாங்குவதுதான் இங்கே வழக்கமான கூத்து. வீடு இறங்கி முடித்தது, குசினி இனிமேல்தான் இறங்கும். நடுவில் அரை அங்குல இடைவெளி விட்டு, பாலிஸ்டைரின் பலகை வைத்து, மேலே சீலண்ட் அடிக்கச் சொல்லுங்கள்.

கூரை: தகரத்தின் கனத்தை எழுதி வாங்குங்கள், அதுவும் பூச்சோடு சேர்த்தா, வெறும் இரும்பா என்று கேட்டு. 0.48 என்று சொல்லி 0.23 மில்லிமீட்டரை ஏற்றினால் கீழிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது, மைக்ரோமீட்டர் வைத்தால் தெரியும். 10 அடி ஓட்டத்துக்குக் குறைந்தது 10 அங்குலச் சரிவு வேண்டும். பழைய சுவரோடு சேரும் இடத்தில் பிளாஷிங் (இடுக்கை மூடும் தகடு) சுவருக்குள் வெட்டி இறங்க வேண்டும். வெறும் சிலிக்கானை இழுத்துவிட்டால் ஒரு மழைக்காலம்தான் தாங்கும்.

பின்பக்கம் இப்போது பழைய சாம்பல் நிற அலைத்தகடு இருந்தால் அதில் கல்நார் இருக்கலாம். உடைக்க விடாதீர்கள். நனைத்து, முழுத் தகடாகக் கழற்ற வேண்டும். சாதாரணக் குப்பையோடும் போடக்கூடாது.

---

வயர்மேன்:

ஒயரிங்கைக் கண்டிராக்டரின் ஆள் செய்யக்கூடாது. எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேன் செய்து, பாரம் ஜி, பாரம் எச் இரண்டும் கையில் தர வேண்டும். ஜி மேற்பார்வையிட்டு முடித்ததற்கு, எச் சோதனை பார்த்ததற்கு. இரண்டும் வராமல் ஒயரிங் பணத்தை விடாதீர்கள்.

வாட்டர் ஹீட்டருக்குத் தனி சர்க்யூட், 10 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தை வெட்டும் சுவிட்ச்). பிளக் பாயிண்டுகளுக்கு 30 மில்லிஆம்பியர். வீடு முழுதுக்கும் ஒரே 100 மில்லிஆம்பியரை மாட்டிவிட்டு "சேஃப்டி இருக்கு" என்பார்கள். ஈரக் கையோடு ஷவரைப் பிடிப்பவரை அது காப்பாற்றாது. முடிந்ததும் டெஸ்ட் பொத்தானை உங்கள் கையால் அழுத்திப் பாருங்கள்.

---

ஜி1_ஆள்:

நானும் இதே தொழில்தான். மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் 60% கேட்பவன் எல்லாம் திருடன் என்று முடிவு கட்ட வேண்டாம். சின்ன ஆளுக்கு ஹார்ட்வேர் கடையில் கடன் கிடைக்காது. 10% வாங்கினால் சிமெண்டு, கம்பி, தகரம் எதையும் இறக்க முடியாது. ஆனால் அதற்கு வழி பெரிய முன்பணம் இல்லை. சாமான் பட்டியலைப் போட்டு, வீட்டுக்காரரே கடைக்கு நேரடியாகப் பணம் கட்டட்டும். டி.ஓ.வில் (சாமான் இறக்கும் சீட்டில்) உங்கள் வீட்டு முகவரி இருக்கட்டும். சாமான் உங்களுடையது, ஆள் ஓடினாலும் சிமெண்டு ஓடாது. இதற்கு ஒத்துக்கொள்ளாதவர் உங்கள் பணத்தை வைத்து முந்தைய வீட்டு வேலையை முடிக்கப் பார்க்கிறார் என்று அர்த்தம்.

சாமானையும் சேர்த்து அவரே செய்வதானால் இப்படிப் பிரிக்கலாம்: கையெழுத்தன்று 10%, தரை ஊற்றியதும் 25%, சுவரும் கூரையும் நின்றதும் 30%, பூச்சும் ஒயரிங்கும் முடிந்து பாரங்கள் கைக்கு வந்ததும் 30%. மீதி 5%, அதாவது 1,900 வெள்ளி, ஆறு மாதம் கழித்து. அதற்குள் ஒரு மழைக்காலம் வந்துவிடும்.

கூடுதல் வேலை எதுவானாலும் விலையோடு எழுத்தில் வாங்கிய பிறகுதான் தொடங்க வேண்டும். வாட்ஸ்அப் போதும். வாய்ப் பேச்சில் சேர்ந்த "சின்னச் சின்ன" வேலைதான் கடைசியில் 6,000, 7,000 வெள்ளிச் சண்டையாக வந்து நிற்கும். தோட்டத்தில் வேலை செய்து 55 வயதில் ஈ.பி.எஃப். (ஓய்வுக்காலச் சேமிப்பு) எடுத்த வயதானவர்களிடம் இதைத்தான் செய்கிறார்கள். கேட்டால் "தாத்தாதான் சொன்னாரு" என்பார்கள்.

---

தாள்_பார்ப்பவன்:

ஒன்றை விட்டுவிட்டேன். சி.ஐ.டி.பி.யில் புகார் கொடுத்தால் அவர்மேல் நடவடிக்கை வரலாம், உங்கள் பணம் வராது. பணத்துக்குப் போக வேண்டிய இடம் பயனீட்டாளர் நடுவர் மன்றம், எல்லாரும் திரிபுனல் என்பது. 50,000 வெள்ளி வரை கோரலாம், 2019-க்கு முன் 25,000தான். கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் வேண்டாம், பிரச்சினை எழுந்து மூன்று வருசத்துக்குள் போட வேண்டும். பாரம் 1 நிரப்பி, அதை எதிராளிக்குச் சேர்ப்பிக்க வேண்டும்.

பல வழக்குகள் இந்த இடத்தில்தான் படுத்துவிடுகின்றன. "ராஜா அண்ணன், கைப்பேசி நம்பர்" மட்டும் வைத்துக்கொண்டு யாருக்குச் சேர்ப்பிப்பது? பதிவு பெற்ற பெயரும் முகவரியும் இருந்தால்தான் பாரம் போய்ச் சேரும். லைசென்ஸ் பாருங்கள் என்று இவ்வளவு வற்புறுத்துவதற்கு முக்கியக் காரணமே இதுதான்.

ரசீது, படங்கள் இவற்றோடு, கெட்டுப் போனதைச் சரிசெய்ய எவ்வளவு ஆகும் என்று வேறொரு பதிவு பெற்றவரிடம் கொட்டேஷன் வாங்கி வையுங்கள். வெறும் படத்தைப் பார்த்துத் தொகை போட மாட்டார்கள். தீர்ப்பு வந்து 14 நாளில் கட்டவில்லை என்றால் அது குற்றம்: 10,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருசம் வரை சிறை, அல்லது இரண்டும்.

---

செராய்க்காரி:

எல்லாருக்கும் நன்றி. அவரிடம் கட்டம் கட்டமாகத் தருகிறேன், 5% பிடித்து வைப்பேன் என்றேன். "பணத்தை நிறுத்தினா சிபா சட்டத்துல கேஸ் போடுவேன்" என்று செய்தி அனுப்பியிருக்கிறார். அப்படிப் போட முடியுமா?

---

ஜி1_ஆள்:

முடியாது. சிபா 2012-ஆம் ஆண்டுச் சட்டம், கண்டிராக்டர்களுக்குப் பணம் வர வழி செய்வது. ஆனால் நான்கு மாடிக்குக் குறைந்த கட்டடத்தில், தான் குடியிருக்கவே தனிமனிதர் ஒருவர் செய்யும் வேலைக்கு அது பொருந்தாது என்று 3-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. வீடு அம்மா பெயரில் என்பதால், அவர் அங்கே குடியிருந்தால் ஒப்பந்தத்தையும் அவர் பெயரிலேயே போடுங்கள். ஒப்பந்தமே போடாத நிலையில் கேஸ் பேசுகிறவரை விட்டுவிட்டு, அளவு எழுதிய கொட்டேஷன் வேறு இரண்டு பேரிடம் கேளுங்கள்.